வயதான குதிரை நொண்டுகிறது, காரணம் தெரியவில்லை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கன்னியாகுமரிக் கடற்கரையில் பல ஆண்டுகள் சவாரிக்கு நின்ற குதிரையாக இருந்தாலும், தோட்டத்தில் ஆசைக்கு வளர்க்கும் குதிரையாக இருந்தாலும், 15 வயதைத் தாண்டிய பின் ஒரு நாள் காலை நொண்டினால், "வயசாயிட்டு, இனி அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். முதுமை நொண்டலுக்கு இடம் கொடுக்குமே தவிர, அதுவே காரணம் ஆகாது. காரணம் தெரியாத நொண்டல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வரிசையாகப் பார்க்கப்படாத நொண்டல்தான் என்பது என் எண்ணம்.

முதலில் எந்தக் கால் என்பதை உறுதி செய்ய வேண்டும். ஒருவர் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக் குதிரையை நேராக நடத்திச் செல்ல, பின்பு மெல்லோட்டமாக ஓட்ட, மற்றொருவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நின்று பார்க்க வேண்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையின் அசைவு மறைந்துவிடும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது தாழும். தலை தாழும் பக்கத்தையே நோயுள்ள பக்கம் என்று எண்ணி நல்ல காலுக்கு எண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு. பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பார்க்க வேண்டும். வலியுள்ள பக்கத்து இடுப்பெலும்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். இரு முன்னங்கால்களிலும் ஒரே அளவு வலி இருந்தால் தலை அசையவே அசையாது. அடி மட்டும் குறுகும். முதிய குதிரைகளில் இதைத்தான் சோம்பல் என்று தவறாக எண்ணிவிடுகிறோம்.

அடுத்து, தரையை மாற்றிப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் இது எளிது: தார்ச் சாலை, அலை வந்து போகும் இறுகிய ஈரமணல், கால் புதையும் காய்ந்த மணல் என மூன்று தரைகளும் பக்கத்திலேயே கிடைக்கும். கடினத் தரையில் நொண்டல் கூடினால் குளம்பு, எலும்பு, மூட்டு ஆகியவற்றின் மேலும், புதைமணலில் கூடினால் தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது), தசைநார் (எலும்பை எலும்போடு இணைப்பது) ஆகியவற்றின் மேலும் ஐயம் கொள்ளலாம். இது முடிவான விதியன்று, நல்ல தொடக்கம் மட்டுமே. இடப்பக்கமும் வலப்பக்கமும் வட்டமாக நடத்திப் பார்த்தால், நேர்நடையில் ஒளிந்திருந்த நொண்டலும் வெளிப்படும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து ரப்பர் தோட்டச் சரிவுகளில் வளரும் குதிரையை இறக்கத்தில் இறக்கிப் பார்ப்பதும் பயன் தரும், ஏனெனில் சமதரையிலேயே உடல் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தாம் தாங்குகின்றன. இறக்கத்தில் அது இன்னும் கூடும்.

இதற்குப் பின் குளம்பு. தோள்பட்டையைத் தடவுவதற்கு முன் குளம்பைத் தூக்கிப் பாருங்கள், ஏனெனில் முன்னங்கால் நொண்டலின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில், கொட்டிலின் தரை பல மாதங்கள் காயாமலே இருக்கும். அந்த ஈரத்தில் குளம்பு மெத்துப்போய், அடியிலுள்ள முக்கோண மெத்தைப் பகுதி அழுகி, கருப்பாகக் கசிந்து நாறும். உள்ளே சீழ் கட்டினால் நேற்று நன்றாக நடந்த குதிரை இன்று காலை ஊன்றவே மறுக்கும். சீழ் வெளியேறியதும் வலி விரைவாகத் தணியும். ஆணியோ முள்ளோ குத்தி நின்றால், கூடியவரை பிடுங்காமல், மேலும் அழுந்தாதபடி காலைக் காத்து மருத்துவரை அழையுங்கள். அது எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்பதை எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டியிருக்கும். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் தொற்றும் என்பதால் தடுப்பூசி போட்ட தேதியையும் சொல்லுங்கள்.

குளம்பைக் கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். குளம்புக்குச் சற்று மேலே உள்ள கணு மூட்டின் பின்புறம் இரு ஓரங்களிலும் விரல் வைத்தால் நாடி மிக மெலிதாகத்தான் தெரிய வேண்டும். அது தடதடவென்று அடித்தால் குளம்புக்குள் அழற்சி இருக்கிறது. ஒரு காலில் மட்டும் என்றால் சீழ் இருக்கலாம். இரு முன்னங்கால்களிலும் அப்படி அடித்து, குதிரை அவற்றை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்று, திரும்பத் தயங்கினால், அது குளம்பு உள்ளழற்சி (லாமினைட்டிஸ்); நாளை பார்க்கலாம் என்று தள்ளக்கூடாத அவசரம். நடக்க வைக்காதீர்கள், தானியத்தை நிறுத்துங்கள், குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் வையுங்கள், ஆழமான மணலில் நிற்க விடுங்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறும் பலாச்சுளையும் கொடுத்த மறுநாள்களில் இது வந்தால் வியப்பில்லை. அப்படி எதுவும் கொடுக்காமலே வந்து, உடல் மயிர் நீண்டு வளர்ந்து, முதுகுத் தசை வற்றி, தண்ணீர் அதிகம் குடித்தால், பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். முதிய குதிரைகளுக்கு வரும் இக்கோளாறை, அச்சுரப்பி சுரக்கும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அளக்கும் இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

குளம்பில் ஒன்றும் இல்லையெனில் மேலே போகலாம். காலையில் விறைத்து, சிறிது நடந்தபின் இளகினால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் வீக்கமும் சூடும் இருந்தால் தசைநாண் காயமாக இருக்கலாம். கணு மூட்டு நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே வந்தால் அதைத் தாங்கும் தசைநார் தளர்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானமும் முன்னங்கால் நொண்டலாகத் தோன்றுவதுண்டு. நொண்டலும் தள்ளாட்டமும் வேறு வேறு: நொண்டல் பெரும்பாலும் வலியால் வருவது, தள்ளாட்டம் நரம்புக் கோளாறாலோ உடல் தளர்ச்சியாலோ வருவது. விட்டுவிட்டுக் காய்ச்சல், இரத்தச்சோகை, கால் வீக்கம், பின்னங்கால் தளர்ச்சி ஆகியவை சேர்ந்து வந்தால், கடிக்கும் ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோயான சர்ராவுக்காக இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவர் வருவதற்கு முன் வலிமருந்து கொடுக்காதீர்கள். வலி மறைந்தால் இடமும் மறையும். ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்துகள் நீர் வற்றிய முதிய குதிரையின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் கீழிருந்து மேலாக நரம்பை மரத்துப்போகச் செய்து பார்ப்பார். எந்த ஊசிக்குப் பின் நொண்டல் மறைகிறதோ அந்த ஊசி மரக்கச் செய்த பகுதிக்குள்தான் வலி இருக்கிறது. இதைத் தவிர்த்து நேரே எக்ஸ்ரே எடுக்கக் கேட்பது வீண்செலவாகலாம், ஏனெனில் முதிய குதிரையின் எந்த மூட்டைப் படம் பிடித்தாலும் தேய்மானம் தெரியக்கூடும், தெரிவதெல்லாம் வலிப்பதில்லை. உள்ளூரில் இவ்வசதி கிடைக்காவிட்டால், திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

அதுவரை, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கைபேசியில் காணொளி எடுத்துத் தேதியோடு வையுங்கள்; உள்ளழற்சி, தசைநாண் காயம் என்ற ஐயம் இருந்தாலோ, கால் ஊன்ற மறுத்தாலோ ஓட்ட வேண்டாம். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும் என்பதால், லாடக்காரர் இன்று திருத்தியபின் மேல்விளிம்பில் முளைக்கும் புதுக் குளம்பு முன்புறத்தில் தரையைத் தொட ஏறக்குறைய ஓராண்டு ஆகும்.