ஹைஸ்கூல் என்ற பெயரை மட்டும் வைத்து வகுப்பைக் கணிக்காதீர்கள்

அமெரிக்கர் ஒருவரை ‘ஹைஸ்கூல் முடித்தவர்’ என்று சொன்னால், நம்மில் பலர் அவர் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டதாகவே கருதிவிடுகிறோம். தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிவதால் வரும் தவறு இது. அமெரிக்க ஹைஸ்கூல் பெரும்பாலும் 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான நான்காண்டுப் படிப்பு. எனவே அந்நாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் ‘ஹைஸ்கூல் முடித்த ஆண்டு’ என்று கேட்டிருந்தால், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஆண்டை எழுதக் கூடாது. பிளஸ் டூ முடித்த ஆண்டையே எழுத வேண்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் வகுப்பு எண்களால் வருகிறது. இங்கிலாந்தில் ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகள் முதலாம் ஆண்டில் சேர்ந்துவிடுவதால், அங்குள்ள 11ஆம் ஆண்டு அமெரிக்காவின் 10ஆம் வகுப்புக்கு இணையாகிறது. பதினாறு வயதில், அந்த 11ஆம் ஆண்டின் முடிவில், ஜி.சி.எஸ்.இ. எனும் பொதுத் தேர்வுகளை எழுதிவிட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயரும் மாணவியை அங்குள்ள பள்ளி மறுபடியும் 11ஆம் வகுப்பில் சேர்த்தால், ஓராண்டு வீணாகிவிட்டதே என்று பெற்றோர் பதற வேண்டியதில்லை. அவள் தன் வயதுக்குரிய வகுப்பில்தான் இருக்கிறாள். அதே மாணவி இங்கிலாந்திலேயே இருந்து பல்கலைக்கழகம் செல்ல விரும்பினால், ஜி.சி.எஸ்.இ. மட்டும் போதாது, பொதுவாக இன்னும் இரண்டு ஆண்டுகள் படித்து ஏ லெவல் போன்ற தேர்வுகளை எழுத வேண்டும்.

பிரிட்டன் முழுவதும் ஒரே முறைதான் என்று எண்ணுவதும் பிழை. ஸ்காட்லாந்தின் ஹைஸ்கூல் ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் தொடங்கி ஆறு ஆண்டுகள் வரை நீள்கிறது. அங்கே பலர் ஐந்தாம் ஆண்டில் எழுதும் ‘ஹையர்’ தேர்வுகளைக் கொண்டே பல்கலைக்கழகத்தில் இடம்பெறுகிறார்கள். ஏ லெவல் இல்லை என்பதற்காக அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம்.

ஆஸ்திரேலியாவில் 12ஆம் ஆண்டும், நியூசிலாந்தில் 13ஆம் ஆண்டும் பள்ளியின் இறுதி ஆண்டுகள். இவ்விரு நாடுகளிலும் ‘காலேஜ்’ என்ற பெயர் தாங்கிய உயர்நிலைப் பள்ளிகள் பல உண்டு என்பதால், பெயர்ப் பலகையைப் பார்த்து ஒருவரைப் பட்டதாரி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கனடாவுக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஒன்டாரியோவில் ஹைஸ்கூல் 12ஆம் வகுப்பில் முடிய, கியூபெக்கில் அது 11ஆம் ஆண்டிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே பல்கலைக்கழகம் செல்ல விரும்புவோர் அதற்குப் பின் ‘சேஜெப்’ எனும் நிலையத்தில் வழக்கமாக இரண்டு ஆண்டுகள் படிக்கிறார்கள்.