பாடப்புத்தகத்துல இல்லாத வரலாறை டிஜிட்டல் கதையா பண்றது எப்படி?

அரசாங்க ரெக்கார்டுலயும் பாடப்புத்தகத்துலயும் ஒரு வரி கூட இல்லாதவங்க வரலாறு அவங்க பேச்சுலதான் இருக்கு, பெரியவங்க போயிட்டா அதுவும் போயிடும். அதனால கேமரா வாங்கற வரைக்கும் காத்திருக்காதீங்க, கையில இருக்கற போன் போதும்.

முதல்ல, கதை சொல்றவங்க அனுமதி. எனக்கு இதுதான் மொத்த வேலையிலயும் முக்கியம். கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சதுன்னு இல்லங்க, ரெக்கார்டிங்குக்கு முன்னாடி கேளுங்க, எடிட் பண்ணி போட்டுக் காட்டிட்டு திரும்ப கேளுங்க, வெளியிடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேளுங்க. பேர் போடலாமா, முகம் காட்டலாமா, யார் யார் பாக்கலாம் எல்லாமே தனித்தனி கேள்வி, ஏன்னா சில பேருக்கு பேர் வெளிய வந்தாலே ஆபத்து. ஆஸ்திரேலியாவுல வாருமுங்கு பழங்குடி மக்களோட சேந்து உருவாக்கின முகுர்ட்டுன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல எந்தப் படத்தை யார் பாக்கலாம்னு அந்த சமூகமே முடிவு பண்ணிக்கலாம். பொண்ணுங்க மட்டும், குறிப்பிட்ட குடும்பம் மட்டும்னு கூட வெக்கலாம்.

அடுத்து ரெக்கார்டிங். போனை ஏரோபிளேன் மோடுல போடுங்க, ஃபேனை நிறுத்துங்க, முடிஞ்சா வேவ் (WAV) ஃபைலா, அதாவது ஒலியை சுருக்காம அப்படியே சேமிக்கற ஃபைலா எடுங்க. "உங்க வாழ்க்கையைப் பத்தி சொல்லுங்க"ன்னா ரெண்டு வரியில முடிஞ்சிடும், "வேலைக்கு எத்தனை மணிக்கு கிளம்புவீங்க, வழியில யாரைப் பாப்பீங்க"ன்னு கேட்டுப் பாருங்க, தானா வரும். நடுவுல அமைதியானா உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க. ரொம்ப கலங்கிட்டாங்கன்னா ரெக்கார்டிங்கை நிறுத்திடுங்க, அன்னிக்கு அது போதும்.

இப்ப கதை. 1990கள்ல கலிபோர்னியாவுல ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி மாதிரி ஆளுங்க ஒர்க்‌ஷாப் நடத்தி வளர்த்த முறைதான் டிஜிட்டல் கதை, ரெண்டு மூணு நிமிஷ வீடியோ, ஏறக்குறைய 300 வார்த்தை, சொல்றவங்களோட சொந்தக் குரல். ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கோங்க. எதை வெக்கணும் எதை விடணும்னு சொன்னவங்களையும் பக்கத்துல உக்கார வெச்சு முடிவு பண்ணுங்க, அவங்க பேச்சுவழக்கை தயவுசெஞ்சு திருத்தாதீங்க, புரியாதவங்களுக்கு சப்டைட்டில் போட்டுக்கலாம்.

எடிட்டிங் ஈஸிதான். ஆடியோவுக்கு ஆடாசிட்டி, வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ், ரெண்டும் ஃப்ரீயா கிடைக்குது. பழைய போட்டோவை ஸ்கேன் பண்ணிட்டு ஒரிஜினலை கையோட திருப்பிக் குடுத்துடுங்க.

கடைசியா சேமிப்பு. மூணு காப்பி, ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் மாதிரி ரெண்டு விதமான சாதனத்துல, அதுல ஒண்ணு வேற ஊர்லயோ வேற வீட்லயோ இருக்கட்டும். ஃபைல் பேர்ல தேதியும் இடமும் போடுங்க, ஆனா பேரை மறைக்கணும்னா ஃபைல் பேர்லயும் மறைங்க. இன்டர்நெட் ஆர்கைவ்ங்கற இலவச இணைய நூலகத்துல போட்டா உலகத்துல யார் வேணா பாக்கலாம், அதுக்கு சரின்னு சொன்னதை மட்டும் அங்க ஏத்துங்க. சொன்னவங்க குடும்பத்துக்கு ஒரு பென்டிரைவ் குடுங்க, எடிட் பண்ணதோட வெட்டாத முழு ரெக்கார்டிங்கும் அதுல இருக்கணும்.