இதய ஓட்டைக்குக் குறியீடு போடும்போது

பினாங்கில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை எனக்கு. காப்புறுதிப் பாரத்தில் பிறவி இதயக் கோளாறு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு க்யூ 24.9 என்ற நோய்க் குறியீட்டைப் போட்டுவிடாதீர்கள். அது 'இன்னதென்று குறிப்பிடாதது'. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் ஆச்சரியமில்லை. எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைப் புரட்டுங்கள். நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி-10-இல் இதய மேலறைகளின் இடைச்சுவரில் பிறவி ஓட்டை என்றால் க்யூ 21.1, கீழறைகளின் இடைச்சுவரென்றால் க்யூ 21.0.

போன மாதம் ஒரு பெரியவரின் கோப்பு. கீழறை இடைச்சுவரில் ஓட்டை என்றதும் நானே க்யூ 21.0 அடித்துவிட்டேன். அவருக்கோ, இரண்டு நாள் முன்பு வந்த மாரடைப்பில் விழுந்த ஓட்டை. அது ஐ 23.2. பிறவிக் கோளாறுக்குப் பல பாலிசிகளில் காப்பு கிடையாது, பாருங்கள்! நல்லவேளை, அனுப்புமுன் கண்ணில் பட்டது. அறிக்கை தெளிவில்லையா? டாக்டரிடமே எழுதி வாங்குங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள்.