ஆவி அழைக்கும் காட்சியை நாவலில் எழுதுவது எப்படி?

1870களின் லண்டன். ஒரு பக்கம் மேடை வித்தைக்காரர், மறுபக்கம் ஆவியோடு பேசுவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் மீடியம். இப்படி ஒரு துப்பறியும் நாவலில் கொலையை யோசிக்குமுன் மீடியத்தின் ஏமாற்று வேலை எது என்று முடிவு செய்யுங்கள். ஒன்றே போதும்.

சிலேட்டு வித்தை நல்ல தொடக்கம். மீடியம் வெற்றுச் சிலேட்டையும் சின்னப் பலப்பத் துண்டையும் மேஜைக்கு அடியில் பிடித்துக்கொள்வார். கீறும் சத்தம் கேட்கும். எடுத்துப் பார்த்தால் ஆவியின் செய்தி! 1876இல் ஹென்றி ஸ்லேட் இதை வைத்துத்தான் லண்டனைக் கலக்கினார். விலங்கியலாளர் ரே லங்கெஸ்டர், ஆவி எழுதத் தொடங்குமுன்பே சிலேட்டைப் பிடுங்கினார். எழுத்து ஏற்கெனவே இருந்தது. லண்டன் பௌ தெரு நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் மேடை வித்தைக்காரர் மாஸ்கலின் சாட்சி சொன்னார். ஸ்லேடுக்கு மூன்று மாதக் கடுங்காவல். மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றால் தப்பினார்.

ஆக, எழுதியது எப்படி என்பதைவிட எப்போது என்பதே துப்பு. கீறும் சத்தத்துக்கு முன்னாலேயே, எழுதுவதை மறைக்க, மீடியம் இருமுகிறார், நாற்காலியை இழுத்துப் போடுகிறார் என்று வேறு ஏதோ சொல்லும் வரியில் போகிறபோக்கில் வைத்துவிடுங்கள். முன்பே காட்டாத துப்பைக் கடைசியில் அவிழ்த்தால் வாசகர் மன்னிக்கமாட்டார்.

இருட்டில் மணி அடிக்க வேண்டுமா? எல்லோரும் கைகோத்திருக்க, சாமி வந்ததுபோல் மீடியம் உடலை உலுக்குவார். அந்தக் குலுக்கலில் இரு பக்கத்தாரின் கைகளையும் நெருக்கிக் கொண்டுவந்து, தன் ஒரு கையையே இருவரும் பிடிக்கும்படி கொடுத்துவிடுவார். மற்றக் கை விடுதலை. எழுதுமுன் நான்கு பேரை உட்காரவைத்து விளக்கை அணைத்துச் செய்து பாருங்கள். நாற்காலிகள் தள்ளியிருந்தால் பலிக்காது. அதனால் சின்ன வட்ட மேஜை வேண்டும், யார் எங்கே உட்காருவது என்பதை மீடியமே சொல்ல வேண்டும். அருமையான இரண்டாவது துப்பு இது.

பலர் சறுக்குவது வெளிச்சத்தில். அன்று எரிந்தது வாயு விளக்கு, சுவிட்ச் கிடையாது. திருகைக் குறைத்தால் சுடர் சுருங்கும், முழுக்க அணைத்தால் மறுபடி தீக்குச்சி தேடவேண்டும். விளக்கருகே நிற்பவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவில் துப்பறிபவர் பத்துப் பக்கம் விளக்க வேண்டாம். டேவன்போர்ட் சகோதரர்கள் மேடையில் ஓர் அலமாரிக்குள் கட்டுண்டு உட்கார்ந்து, உள்ளே நடப்பதெல்லாம் ஆவிகளின் வேலை என்று நம்பவைத்தவர்கள். 1865இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் ஊரில் அந்த இருட்டு அலமாரிக்குள் ஒரு கணம் வெளிச்சம் கசிந்தபோது, அப்போது கடிகாரத் தொழில் செய்துவந்த இளைஞர் மாஸ்கலின், எல்லாம் அவர்களே செய்வது என்று கண்டுகொண்டார். சில மாதங்களில் நண்பர் குக்கோடு அதே ஊரில் அதே வித்தையை ஆவியில்லாமல் செய்து காட்டினார். உங்கள் வித்தைக்காரரும் அப்படியே செய்யட்டும். ஏமாந்தவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.