மலையேற்றத்தில் வழுக்கிய கிளட்ச்

பண்ணாரியிலிருந்து திம்பம் வரையுள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, என் பைக்கின் இன்ஜின் சத்தம் மட்டும் உயர, வேகம் ஏறாமல் கிளட்ச் வழுக்கியது. கேபிளைச் சரிசெய்தும் பலனில்லை. உராய்வு குறையட்டும் என்று முந்தைய வாரம் நான் ஊற்றிய, கார்களுக்கான ஆயில் சேர்மானமே காரணம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகளும் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து இயங்குவதால், அத்தகைய சேர்மானம் அவற்றின் பிடிமானத்தையும் கெடுத்துவிடுகிறது.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பட்டறையில் கழற்றியபோது, பிளேட்டுகளின் உராய்வுப் பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புதிய பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்துப் பொருத்திய பிறகு, ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் ஜாசோ எம்ஏ2 என்ற ஜப்பானியத் தரக்குறி டப்பாவில் அச்சிட்டிருந்த ஆயிலையே ஊற்றினோம். (எம்பி வகை ஆயில், உலர் கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கு உரியது.) எச்சம் நீங்குவதற்காக 500 கிலோமீட்டரில் மீண்டும் ஆயிலை மாற்றினேன். இப்போது அதே மலைப்பாதையில் வண்டி வழுக்காமல் ஏறுகிறது.