நட்ட பிறகு கொல்லைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது

டெல்டா களிமண்ணில் நாற்று பட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீர் கூடியதால்தான். விரலால் இரண்டு அங்குலம் தோண்டிப் பாருங்கள். மண் ஈரமாக ஒட்டினால் அன்று பாய்ச்ச வேண்டாம். ஐப்பசி அடைமழைக்கு முன்பே பாத்தியைச் சுற்றி அரையடி ஆழ வடிகால் வெட்டி, செடியின் தூரில் மண் அணைத்துவிடுங்கள். கோடையில் வைக்கோல் மூடாக்கு போடலாம், தண்டில் ஒட்டாமல்.

கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி எரித்துவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த தலைமுறைப் புழு காயைக் குடையும். இலைச் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்கு, லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலக்கி, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரில் கலக்காது.

வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் கண்டால் மருந்து தேடாதீர்கள். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. செடியை அன்றே பிடுங்கிவிடுங்கள்.