கார்பன் அம்பில் இறுகிப்போன இன்சர்ட்: கடலோரக்காரர்கள் கழற்றும் முறை

நான் கழற்றிய முதல் இன்சர்ட் அழகாக வெளியே வந்தது. அம்புதான் போய்விட்டது. கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் நேராகக் காட்டினேன். பத்து நொடிக்குள் ஒரு கருகல் நாற்றம். ஷாஃப்ட்டின் வாய் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இழை இழையாகப் பிரிந்து நின்றது. உங்களுக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வில் பிடித்தவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். அம்பின் உடல் ஒரு கார்பன் குழாய். அதை ஷாஃப்ட் என்கிறோம். அதன் முன்வாயில் ஒட்டியிருக்கும் சின்ன உலோகக் குப்பிதான் இன்சர்ட். உள்ளே மரை இருக்கும், அம்பின் கூர்முனையான இரும்பு பாயின்ட்டை அதில்தான் திருகுகிறோம். மரை தேய்ந்தாலோ, பாறையில் பட்டு விளிம்பு கோணினாலோ, வேறு எடையில் போட நினைத்தாலோ பழசைக் கழற்றியாக வேண்டும். இன்சர்ட் பெரும்பாலும் அலுமினியம். பித்தளையும் எவர்சில்வரும் உண்டு.

கார்பன் இழை சாதாரணச் சூட்டுக்கு அசையாது. அந்த இழைகளைக் கட்டி வைத்திருப்பது எபாக்சி ரெசின், கருகுவது அதுதான். இன்சர்ட்டை ஒட்டும் பசையும் பல நேரம் அதே ரெசினுக்குப் பங்காளி. பங்காளியை இளக்கப் போய் வீட்டுக்காரனைச் சுட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதனால் சூடு எப்போதும் உலோகத்துக்கு மட்டும். கார்பனில் நெருப்பு படவே கூடாது.

எந்தப் பசை?

நீங்களே ஒட்டியதென்றால் தெரிந்திருக்கும். இல்லையென்றால் விளிம்பில் பிதுங்கிக் காய்ந்ததை ஊசியால் கீறிப் பாருங்கள். மெழுகு மாதிரி நகம் பதிந்தால் ஹாட் மெல்ட், அதாவது சூட்டில் உருகும் பசை. பாதி வேலை முடிந்த மாதிரி. கண்ணாடிச் சில்லாகத் தெறித்தால் ஃபெவிக்விக் வகை. கடினமாக, லேசாக மஞ்சளாக, கீறினால் சுரண்டல் மட்டும் வந்தால் அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் எபாக்சி.

எடுத்து வைக்க வேண்டியவை

வீணானாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய பாயின்ட், கட்டிங் பிளேயர், மெழுகுவத்தி அல்லது லைட்டர், ஈரத்துணி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. கொதிக்க வைக்க ஒரு பழைய பாத்திரம். 5 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி ஒரு சாண். கம்பியின் இரு முனையையும் அரத்தால் மழுக்கிக்கொள்ளுங்கள்.

பழைய பாயின்ட் கிடைக்கவில்லை என்று ஹார்டுவேர் கடையில் 4 மில்லிமீட்டர் போல்ட் வாங்கித் திருகாதீர்கள். இந்த இன்சர்ட்டுகளின் மரை பெரும்பாலும் அமெரிக்க அளவு, எட்டு-முப்பத்திரண்டு என்பார்கள். நம்மூர் போல்ட் இரண்டு சுற்றுப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் கழற்ற வேண்டியது இரண்டு சாமான்.

படி 1: பாயின்ட் வழியாகச் சூடு

பாயின்ட்டை முழுதாகத் திருகி இறுக்குங்கள். பாயின்ட்டின் நுனியை மட்டும் சுடரில் காட்டுங்கள், ஐந்து முதல் எட்டு நொடி. சூடு நுனியிலிருந்து மரைக்கும், மரையிலிருந்து இன்சர்ட்டுக்கும் தானே நடந்து போகும். இன்னொரு கையின் விரல் ஷாஃப்ட்டின் மேல், வாயிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருக்கட்டும். அங்கே விரல் வைக்க முடியவில்லை என்றால் கார்பன் சுட்டுவிட்டது. உடனே ஈரத்துணியைச் சுற்றி ஆற விடுங்கள்.

சுடரை எடுத்ததும் பிளேயரால் பாயின்ட்டைப் பிடித்து, வலப்பக்கம், அதாவது மரை இறுகும் பக்கம் திருகிக்கொண்டே நேராக இழுங்கள். இடப்பக்கம் திருகினால் பாயின்ட் மட்டும் கழன்று கையோடு வரும். எல்லோரும் முதல் நாள் செய்கிற தப்பு இது, நானும் செய்தேன்.

ஹாட் மெல்ட் இதற்கே வழுக்கி வந்துவிடும். வராவிட்டால் நேரத்தைக் கூட்டாதீர்கள். ஆறவிட்டு இன்னொரு முறை, மூன்று நான்கு தடவை கூடப் பண்ணலாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இதைக் கடற்கரையில் வைத்துச் செய்ய நினைக்காதீர்கள். சுடர் படுத்துக்கொண்டு கார்பனை நக்கிவிடும்.

படி 2: கொதிநீர்

எபாக்சிக்கு எனக்குப் பிடித்த முறை இது. கடல் மட்டத்தில் இருக்கிற நம் ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் என்ன எரித்தாலும் ஏறாது. தீய்ந்துபோகும் பயமே இல்லை. அறைச் சூட்டில் காய்கிற எபாக்சி பலவும் இந்தச் சூட்டுக்கே வலுவிழக்கும்.

பாயின்ட் திருகியபடியே வாய்ப்பக்கம் ஒரு அங்குலம் மட்டும் நீரில் முங்கும்படி ஒரு நிமிடம் பிடியுங்கள். எடுத்த கையோடு திருகி இழுங்கள். இறகுப் பக்கம் ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இறகை ஒட்டிய பசையும் இளகும்.

படி 3: உள்ளிருந்து தட்டல்

இழுத்தும் வரவில்லையா? பின்முனையில் நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் துண்டை (நாக் என்பார்கள்) பிடுங்கிவிட்டு, அந்த வழியாக இரும்புக் கம்பியை உள்ளே விடுங்கள். வழக்கமான ஷாஃப்ட்டின் உள்விட்டம் 6.2 மில்லிமீட்டர் என்பதால் 5 மில்லிமீட்டர் கம்பி தாராளமாக ஓடும். ஒல்லி ஷாஃப்ட் என்றால் அதற்கேற்ற மெல்லிய கம்பி. வாயைக் கொதிநீரில் சூடாக்குங்கள். பின்வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, பாயின்ட் தரையைப் பார்க்க, சாக்கு விரிப்புக்கு மேலே அம்பைச் சட்டென்று கீழ்நோக்கி உதறி நிறுத்துங்கள். கம்பி போய் இன்சர்ட்டின் முதுகில் இடிக்கும். டக், டக் என்று வருகிற சத்தம் ஒரு நேரம் மொத்தென்று மாறும். இன்சர்ட் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆள் இருக்கிற பக்கம் காட்டி இதைச் செய்யாதீர்கள். சூடான உலோகம் தெறித்து வரும்.

ஃபெவிக்விக் வகைக்குக் குளிர்

அந்தப் பசை குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. அலுமினியம் குளிரில் நீளவாக்கில் சுருங்கும், கார்பன் ஏறக்குறைய சுருங்காது, நடுவே பசை இழுபடும். அம்பு ஃப்ரீசரில் அடங்காது என்று கவலைப்படாதீர்கள். மீன் பெட்டி இருக்கிறதே! நொறுக்கிய ஐஸில் கல்லுப்பைக் கலந்தால் சாதாரண ஐஸைவிட நன்றாகக் குளிரும். வாய்ப்பக்கத்தைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, அரை மணி நேரம் அதில் குத்தி வையுங்கள். எடுத்ததும் படி 3-ல் சொன்ன கம்பி உதறல், சூடு இல்லாமல். முதலில் சூடு காட்டிப் பார்க்கலாம் என்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை கண்ணைப் பிடுங்கும்.

எதற்கும் அசையாதது

போன மீன்பிடித் தடைக்காலத்தில் மூன்று அம்பு எதற்கும் அசையவில்லை. ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும், மண்டபம் பக்கம் ஃபைபர் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் அப்போதுதான் கைக்குக் கிடைப்பார். அம்பை வாங்கி, இன்சர்ட் விளிம்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக மாவு உதிர்ந்தது.

"என்ன தம்பி, இதப் போயி பசைன்னுக்கிட்டு இருக்கீங்க. இது உப்பு தின்னுருக்கு. அலுமினியப் பட்டையில எஸ்எஸ் போல்ட்டு போட்டா இதே மாவுதான் கொட்டும்."

அவர் சொன்னது சரி. கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். அதோடு அலுமினியம் நேராகத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. கரைவது அலுமினியம்தான். கரைந்து உண்டாகும் மாவு இடத்தை அடைத்துக்கொண்டு ஆப்பு மாதிரி இறுகிவிடும். சூட்டுக்கு இளக இது பசை இல்லையே. வாடைக் காலத்துப் பிசுபிசுப்பில் அம்பைத் துடைக்காமல் கூட்டில் சொருகி வைத்த வினை.

இதற்கு ஊசியால் விளிம்பு மாவைச் சுரண்டி எடுத்துவிட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம், ஐஸில் ஐந்து நிமிடம், கம்பி உதறல் என்று மாற்றி மாற்றிச் செய்தேன். ஆறாவது சுற்றில் இரண்டு வந்தன. மூன்றாவதை வாயோடு அறுத்தெறிந்தேன். அறுத்தால் அம்பு குட்டையாகும், விறைப்பும் கூடும். அதை மற்ற அம்புகளோடு கலந்து எய்ய முடியாது. அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம், தண்ணீர் தொட்டுத் தொட்டு அறுங்கள், கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. எண்ணெய் ஸ்பிரே அடிக்கலாமே என்று கேட்பார்கள். அடித்தால் அடுத்து எந்தப் பசையும் அங்கே பிடிக்காது.

வெளியே வந்த பிறகு

ஷாஃப்ட் உள்ளே மிஞ்சிய பசையை, குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, மெடிக்கலில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சு கறுப்பில்லாமல் வரும்வரை. அசிட்டோன் வேண்டுமானால் ஒரு துடைப்பு, ஊறப் போட வேண்டாம்.

புது இன்சர்ட்டை ஒட்டும்போது பசையைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் தடவி, சுழற்றிக்கொண்டே இறக்குங்கள். உலோகம் எங்கும் கார்பனைத் தொடாவிட்டால் அந்த பேட்டரி வேலை செய்யாது. எவர்சில்வர் இன்சர்ட் இந்த அரிப்புக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் எடை அதிகம், மாற்றினால் எல்லா அம்புகளிலும் மாற்றுங்கள். கடற்கரையில் எய்து வந்த அன்றே பாயின்ட்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துக் காய வையுங்கள்.

எய்யும் முன் ஒரு சோதனை. ஒரு பஞ்சுத் துணுக்கை ஷாஃப்ட் மேல் ஓட்டுங்கள், எங்காவது சிக்கினால் இழை கிளம்பியிருக்கிறது. இரண்டு கையால் பிடித்து, முகத்தைவிட்டுத் தள்ளி லேசாக வளைத்துக் காதுகொடுங்கள். சுற்றிச் சுற்றி நான்கு பக்கமும். நொறுநொறுவென்று மெல்லிய சத்தம் கேட்டாலும் அந்த அம்பு வேண்டாம். நாணிலிருந்து கிளம்பும்போதே உடைந்து வில் பிடித்த கைக்குள் ஏறும். குப்பையில் போடுமுன் நாக்கையும் இறகையும் பிடுங்கிவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் அதைப் பொறுக்கி, மூங்கில் வில்லில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.